முதலாளி, தொழிலாளி ஏற்றத்தாழ்வுக்கு மார்க்ஸ் சொல்லும் காரணம் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு சிறிய வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். புதிதாக யார் வந்தாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சலித்துப்போய், ஒரேயடியாக எழுதிவைத்துவிட்டேன். உதாரணங்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனியிலிருந்தே வரும். நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அது. மார்க்ஸ் எழுதியது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பார்த்து என்பதால் அங்கேயும் போய் வருவோம்.

வர்க்கம் என்றால் ஏழை, பணக்காரன், அவ்வளவுதானே?

எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் மார்க்ஸ் வருமானக் கோடு போட்டு ஆட்களைப் பிரிக்கவில்லை. பிழைப்புக்கு வேண்டிய சாதனங்கள், அதாவது நிலம், மிஷின், கட்டடம், கச்சாப் பொருள், யார் கையில் இருக்கின்றன என்று கேட்கிறார். அவை இல்லாதவர் யாரிடம் போய், என்ன கொடுத்துப் பிழைக்கிறார் என்று கேட்கிறார்.

எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். ஒருவர் ஓவர்லாக் டெய்லர். இன்னொருவர் வீட்டு முன்பக்கத்தில் ஆறு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பவர். ஆர்டர் மந்தமான மாதங்களில் டெய்லர் கைக்கு வருவது ஜாப் ஒர்க்காரருக்கு மிஞ்சுவதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். வருமானத்தை மட்டும் பார்த்தால் டெய்லர்தான் மேலே. ஆனால் நாளைக்குத் தொழில் படுத்துவிட்டால் ஜாப் ஒர்க்காரர் மிஷினை விற்கலாம், வாடகைக்கு விடலாம், அடமானம் வைக்கலாம். டெய்லரிடம் விற்பதற்கு இருப்பது அவருடைய இரண்டு கைகள். அந்தக் கைகளையும் யாராவது வேலைக்குக் கூப்பிட்டால்தான் விற்க முடியும்.

இன்னொன்று: வர்க்கம் என்பது ஓர் உறவு. மருமகன் இல்லாமல் ஒருவர் மாமனார் ஆக முடியாது. அதுபோலத்தான் தொழிலாளி இல்லாமல் முதலாளியும் இல்லை.

அப்படியானால் மொத்தம் எத்தனை வர்க்கங்கள்?

இதற்கு மார்க்ஸ் முடிவாக ஒரு பதில் எழுதிவைக்கவில்லை. 1848இல் வந்த கம்யூனிஸ்ட் அறிக்கையில், சமூகம் மேலும் மேலும் முதலாளிகள், பாட்டாளிகள் என்ற இரண்டு முகாம்களாகப் பிரிந்து வருகிறது என்கிறார்கள் அவரும் அவருடைய நண்பர் எங்கெல்சும். நான்கு வருடம் கழித்து பிரான்ஸ் அரசியலைப் பற்றி எழுதும்போது நிலவுடைமையாளர், நிதி முதலாளி, தொழில் முதலாளி, சிறு முதலாளி, விவசாயி, நிலையான வேலை இல்லாத உதிரிப் பாட்டாளி என்று நீளமான பட்டியலே வருகிறது. மார்க்சின் பெரிய நூல் ‘மூலதனம்’. அதன் மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பே ‘வர்க்கங்கள்’. கூலித் தொழிலாளி, முதலாளி, நிலவுடைமையாளர் என்று மூன்றைச் சொல்லி, வர்க்கத்தை வர்க்கமாக ஆக்குவது எது என்று கேட்டு, ஒன்றிரண்டு பக்கத்தில் கையெழுத்துப் பிரதி நின்றுவிடுகிறது. மார்க்ஸ் இறந்து 11 வருடம் கழித்து, 1894இல், எங்கெல்ஸ் அதை அப்படியே அச்சிட்டார். பின்னால் வந்தவர்கள் நூறு வருடமாகச் சண்டை போடுவதற்கு அந்தப் பாதி அத்தியாயமும் ஒரு காரணம்.

சம்பளம் பேசித்தானே வேலைக்குப் போகிறோம்? இதில் சுரண்டல் எங்கே வந்தது?

இந்தக் கேள்வி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பண்ணையார் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையார் வயலில் வெட்டி வேலை செய்த நாளும், தனக்காக உழைத்த நாளும் வேறு வேறு. எந்த நாள் யாருக்குப் போனது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரியும். அடிமை முறையில் எல்லா வேலையும் கூலியில்லாத வேலை மாதிரித் தெரியும். அடிமைக்குப் போடும் சோறும் அவனுடைய உழைப்பில் விளைந்ததுதான் என்பது மறைந்துபோகும். கூலி முறையில் இது தலைகீழ். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பார்த்தால் செய்த வேலை முழுவதற்கும் காசு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

இந்த இடத்தில்தான் மார்க்ஸ் உழைப்பையும் உழைப்புச் சக்தியையும் பிரிக்கிறார். டெய்லர் விற்பது உழைப்புச் சக்தியை, அதாவது ஒரு நாள் வேலை செய்யும் திறனை. அதற்கு விலை அவரும் அவர் குடும்பமும் நாளைக்கும் வேலைக்கு வரும் அளவுக்கு வாழ ஆகும் செலவு: வீட்டு வாடகை, அரிசி பருப்பு, பிள்ளைகள் படிப்பு, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்து. முதலாளி வாங்கிப் பயன்படுத்துவதோ உழைப்பை. வாங்கிய திறனிலிருந்து எவ்வளவு உழைப்பு வெளியே வருகிறது என்பது, அதற்குக் கொடுத்த விலையோடு கட்டுப்பட்டதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் சும்மா வைத்துக்கொண்டவை. துணி, நூல், கரண்ட், மிஷின் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்த பிறகு, ஒரு டெய்லரின் ஒரு நாள் உழைப்பால் சரக்கில் புதிதாகச் சேரும் மதிப்பு 1,200 ரூபாய். அவருக்குக் கூலி 600. அப்படியானால் எட்டு மணி நேர ஷிப்டில் நான்கு மணி நேரத்திலேயே தன் கூலியை அவர் ஈடுகட்டிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடுகிற மிஷின் முதலாளிக்காக ஓடுகிறது. அந்த 600தான் உபரி மதிப்பு. அதைக் கூலியால் வகுத்தால் 100 சதவீதம். இதற்குச் சுரண்டல் விகிதம் என்று பெயர்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசிய கூலி பைசா குறையாமல் வந்தது. எல்லாம் நியாயமான விலைக்கு விற்றாலும் ஒரு பக்கம் சொத்து சேர்ந்துகொண்டே போகும், மறுபக்கம் திங்கட்கிழமை மறுபடி வேலைக்கு வந்தே ஆக வேண்டும். ஏற்றத்தாழ்வுக்குத் திருட்டோ மோசடியோ காரணமாக இருக்கத் தேவையில்லை என்று காட்டியது அவருடைய பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

முதலாளி பணம் போடுகிறார், ராத்திரி தூக்கம் இல்லாமல் ஆர்டர் பிடிக்கிறார், ரிஸ்க் எடுக்கிறார். அதற்கு ஒன்றும் கிடையாதா?

உண்டு. ஆர்டர் பிடிப்பதும், லைன் ஓடுவதைப் பார்ப்பதும் உழைப்புதான். அதையே ஒரு மேனேஜரைச் சம்பளத்துக்கு வைத்துச் செய்தால் அவருக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். அந்தத் தொகையைக் கழித்த பிறகும் லாபம் மிஞ்சுகிறது. கம்பெனி வாசலையே மிதிக்காத பங்குதாரருக்கும் அது போய்ச் சேருகிறது. மார்க்ஸ் விளக்க நினைப்பது அந்த மிச்சத்தை.

ரிஸ்க் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. கட்டிங் மிஷினில் விரல் போவது யாருடைய ரிஸ்க்? ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது யார்? அது போகட்டும், வாதத்துக்கு வருவோம். ரிஸ்க் எடுத்தவருக்குப் பங்கு கூடுதலாகப் போகலாம். ஆனால் பங்கு போடுவதற்கு ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்பதை ரிஸ்க் விளக்காது. சீட்டு விளையாட்டில் ரிஸ்க் எடுத்து ஜெயிக்கலாம்தான், அதனால் மேஜையில் இருக்கும் மொத்தப் பணம் கூடிவிடாது.

மிஷினும் பணமும் இருந்தாலே அது மூலதனம்தானே?

இல்லை. ‘மூலதனம்’ முதல் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் ஒரு கதை வருகிறது. வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் எழுதியதிலிருந்து மார்க்ஸ் எடுத்துப் போட்டது. பீல் என்றொரு கனவான் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றங்கரைக்குக் குடியேறப் போகிறார். 50,000 பவுண்டுக்குச் சாமான்களும் பொருள்களும் கொண்டுபோகிறார். விவரமான ஆள் என்பதால், ஆண், பெண், குழந்தை என்று 3,000 தொழிலாளர்களையும் கூடவே கூட்டிப்போகிறார். கரை இறங்கியதும் கதை மாறுகிறது. அங்கே நிலம் சும்மா கிடக்கிறது. ஆளாளுக்கு ஒரு துண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். படுக்கையைத் தட்டிப்போடவும் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரவும்கூட ஆள் இல்லாமல் பீல் தனியாக நிற்கிறார். எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றியவர் இங்கிலாந்தின் உற்பத்தி உறவுகளை ஏற்றிவர மறந்துவிட்டார் என்று மார்க்ஸ் கிண்டலடிக்கிறார். (அந்த நிலத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்களான பழங்குடி மக்கள் இருந்தார்கள் என்பது தனிக் கதை.)

2020 ஊரடங்கில் இதைக் கண்ணால் பார்த்தோம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள் ரயில் ஏறிப் போய்விட்டார்கள். கம்பெனியைத் திறந்தபோது லைனில் மிஷின் வரிசையாக இருந்தது, நூல் கோத்தது கோத்தபடியே இருந்தது, முன்னால் ஸ்டூல்கள் காலி. திரும்பக் கூட்டிவர பஸ் அனுப்பிய கம்பெனிகளும் உண்டு. உட்கார ஆள் வந்த பிறகுதான் அந்த இரும்பு மறுபடி மூலதனம் ஆனது.

சரி, ஒருவர் கையில் மிஷினும் இன்னொருவரிடம் வெறும் கையும் எப்படி வந்தன? முதலில் சிக்கனமாக இருந்தவன் பணக்காரன் ஆனான், அப்படித்தானே?

அந்தக் கதையை மார்க்ஸ் பைபிளின் ஆப்பிள் பழக் கதையோடு ஒப்பிட்டுக் கேலி செய்கிறார். அவர் பார்வையில் நடந்தது இது: விவசாயிகளை நிலத்திலிருந்து பிய்த்து எடுத்தார்கள். அவர் தரும் உதாரணங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் சதர்லாந்து சீமாட்டி. 1814 முதல் 1820 வரை சுமார் 15,000 பேரை, ஏறக்குறைய 3,000 குடும்பங்களை, ஊரைவிட்டு விரட்டி, வீடுகளை எரித்து, நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டார்கள். இத்தோடு காலனிக் கொள்ளை, அடிமை வியாபாரம் எல்லாம் சேர்ந்ததைத்தான் ஆதித் திரட்டல் என்கிறார்.

திருப்பூர் கதை இதே அச்சில் நடந்ததில்லை. இங்கே முதலாளி ஆனவர்களில் கணிசமான பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து முதலில் பனியன் கம்பெனியில் வேலைக்கு நின்றவர்கள். சரத் சாரி என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ‘உழைத்து வந்தோம்’ என்று அவர்கள் தங்கள் கதையைச் சொல்வதை அவர் தள்ளிவிடவில்லை. கூடவே, அந்த உழைப்பு எடுபடுவதற்குப் பின்னால் சாதி உறவும் குடும்பமும் நிலமும் இருந்ததையும் காட்டுகிறார். பங்காளி கொடுத்த கைமாற்று, மாமனார் போட்ட பணம், ‘நம்ம பையன்’ என்று கடனுக்கு வந்த நூல். இதெல்லாம் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

உழைத்தால் யாரும் முதலாளி ஆகலாம் என்பதற்குத் திருப்பூரே சாட்சி இல்லையா?

ஒருவர் ஆகலாம் என்பதற்குச் சாட்சி. எல்லோரும் ஆகலாம் என்பதற்கு இல்லை. டெய்லர் ஒருவர் இருபது மிஷின் போட்டு முதலாளி ஆனால், அந்த மிஷின்களில் உட்கார இருபது பேர் டெய்லராகவே இருந்தாக வேண்டும். இன்றைக்கு இருக்கிற முதலாளி அத்தனை பேரும் நேற்றைய தொழிலாளிகளே என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு மாறாது. யார் எங்கே போய் உட்கார்கிறார் என்பதை உழைப்பும் சாமர்த்தியமும் அதிர்ஷ்டமும் முடிவு செய்யலாம். நாற்காலிகள் ஏன் இப்படி இரண்டு வகையாக இருக்கின்றன என்பது வேறு கேள்வி.

அப்படியானால் முதலாளிகள் எல்லாம் கெட்டவர்களா?

எங்கெல்ஸே முதலாளி குடும்பம். அவர் அப்பா மான்செஸ்டர் பருத்தி ஆலையில் பங்குதாரர். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்து வந்த பணத்தில்தான் மார்க்ஸ் குடும்பத்தைப் பல வருடம் தாங்கினார். தனிமனிதர்களை நான் குற்றம் சாட்டவில்லை, பொருளாதார உறவுகளின் உருவங்களாகத்தான் அவர்களைப் பார்க்கிறேன் என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். பக்கத்துக் கம்பெனிக்காரன் பீஸுக்கு ஒரு ரூபாய் குறைத்து ஆர்டர் எடுத்தால், நல்ல மனசுள்ள முதலாளியும் குறைத்தாக வேண்டும். முடியாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டும்.

வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) விலையை நசுக்குகிறான். எங்கள் முதலாளியும் சுரண்டப்படுகிறவர்தானே?

நசுக்கப்படுகிறார், உண்மை. மார்க்ஸ் கணக்கில் உபரி மதிப்பு மொத்தமும் ஒருவர் பையில் விழுவதில்லை. தொழில் முதலாளிக்கு லாபம், வங்கிக்கு வட்டி, இடத்துக்காரருக்கு வாடகை, வியாபாரிக்கு அவர் பங்கு என்று பிரிகிறது. பையர் பெரிய கையாக இருந்தால் பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறார். முதலாளியின் பங்கு சுருங்கும்போது அவர் திரும்பிப் பார்ப்பது கட்டிங்கையும் தையலையும்தான். ஜாப் ஒர்க் ரேட் இறங்கும், ஜாப் ஒர்க்காரர் டெய்லரிடம் பீஸ் ரேட்டை இறக்குவார். கடைசியில் டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கும் பெண்ணுக்குக் கீழே இறக்குவதற்கு ஆள் கிடையாது.

பீஸ் ரேட்டில் எவ்வளவு தைக்கிறோமோ அவ்வளவு காசு. அதில் சுரண்டல் இல்லையே?

முதலாளித்துவத்துக்கு ரொம்பப் பொருத்தமான கூலி வடிவம் பீஸ் ரேட்தான் என்று ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். மேஸ்திரி தலைமேல் நிற்க வேண்டியதில்லை, டெய்லரே தன்னைத்தானே விரட்டிக்கொள்வார். டீ குடிக்க எழுந்தால் காசு போகும், பாத்ரூம் போனாலும் போகும். கை வேகமானவர் நாளைக்கு இத்தனை பீஸ் தைக்கலாம் என்று காட்டிவிட்டால், அடுத்த ரேட் பேசும்போது அந்த வேகமே எல்லோருக்கும் அளவாகிவிடும். நடுவில் கான்ட்ராக்ட்காரர் புகுந்து தன் பங்கை எடுக்கவும் இதுதான் வசதி.

இலங்கை மலையகத் தோட்டங்களில் இன்னொரு மாதிரி. நாள் சம்பளம் என்றுதான் பெயர். ஆனால் தோட்டம் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் முழுப் பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) விழாது, அரைப் பேர்தான் போடுவார்கள். நாளுக்குக் கூலி என்று சொல்லிக்கொண்டே கிலோவுக்குக் கூலி.

வேலை நேரத்தைப் பற்றி மார்க்ஸ் ஏன் அவ்வளவு பக்கம் எழுதுகிறார்?

உபரியைக் கூட்ட இரண்டு வழி. ஒன்று நாளை நீட்டுவது, இன்னொன்று அதே நேரத்தில் கூடுதலாக வேலை வாங்குவது. முதல் வழிக்கு இங்கிலாந்து அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் அறிக்கைகளையே அவர் சாட்சிக்கு இழுக்கிறார். 1863 ஜூனில் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயது தையல்காரப் பெண் இறந்துபோனாள். அரண்மனை நடன விருந்துக்கு வரும் சீமாட்டிகளுக்கு உடை தைப்பதற்காக, இன்னும் 60 பெண்களோடு, ஒரு அறைக்கு 30 பேராக அடைந்து உட்கார்ந்து, இடைவிடாமல் 26½ மணி நேரம் வேலை செய்திருந்தாள். இதை வாசிப்பு வட்டத்தில் படித்த அன்றைக்கு, ஏற்றுமதி ஷிப்மென்டுக்கு முந்திய நாள் விடியவிடியத் தைத்த கதைகளை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அன்றைய பாடம் அத்தோடு போயிற்று.

1847 பத்து மணி நேரச் சட்டத்தை அரசு தானாகத் தரவில்லை, பல வருடப் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. நம் பக்கம் பாருங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் வைத்த வரம்பு வாரத்துக்கு 48 மணி நேரம். திருப்பூரில் காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்தால் ‘ஒன்றரை ஷிப்ட்’. அதை யாரும் ஓவர்டைம் என்றுகூடச் சொல்வதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. சில நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம் என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள் முதலாளிகள், வேலை கிடைக்கவில்லை என்கிறார்கள் இளைஞர்கள். எப்படி?

வேலையில்லாதவர் கூட்டம் ஒன்று எப்போதும் வாசலில் நிற்பது இந்த அமைப்புக்குத் தேவை என்பது மார்க்ஸ் வாதம். அதற்குச் சேமப் பட்டாளம் என்று பெயர் வைத்தார். கூலி ஏறினால் மிஷின் வரும், அல்லது இன்னும் தூரத்திலிருந்து ஆள் வரும். திருப்பூருக்கு முதலில் சுற்றுக் கிராமத்து ஆட்கள் வந்தார்கள், அப்புறம் தென்மாவட்டங்களிலிருந்து, இப்போது வடமாநிலங்களிலிருந்து. ‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற வாக்கியத்தில் ‘இந்தக் கூலிக்கு’ என்ற சொல் விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்தபடியாக, உள்ளூர்த் தொழிலாளிக்கு வடநாட்டுக்காரன்மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தால் முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தொழிலாளிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஏன் எதிர்க்காமல் இருக்கிறார்கள்?

எதிர்க்காமல் இல்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டு திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு வேலை இன்னும் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் கான்ட்ராக்டுக்கும் சிதறிப்போனது. ஒரே கூரையின் கீழே 500 பேர் இருந்தால் சங்கம் வைக்கலாம். பதினைந்து பேர் இருக்கும் கொட்டகையில், முதலாளியே பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைக்கும்போது, யாரை எதிர்த்துக் கொடி பிடிப்பது?

ஒரே நிலைமையில் இருப்பதாலேயே ஒரு கூட்டம் ஒன்றாகச் செயல்பட்டுவிடாது. சிறு விவசாயிகளைச் சாக்கில் கொட்டிய உருளைக்கிழங்குக்கு ஒப்பிட்டார் மார்க்ஸ்: ஒரே சாக்கு, ஆனால் ஒவ்வொன்றும் தனி. முசோலினியின் சிறையில் இருந்தபடி எழுதிய இத்தாலியர் கிராம்சி இன்னொரு பக்கத்தைத் தொட்டார். ஆளும் வர்க்கம் போலீசை மட்டும் வைத்து ஆள்வதில்லை. பள்ளிக்கூடம், கோயில், பத்திரிகை எல்லாம் சேர்ந்து ‘உலகம் இப்படித்தான்’ என்பதைப் பொதுப்புத்தி ஆக்கிவிடுகின்றன. ‘முதலாளி நல்லா இருந்தாத்தானே நாம நல்லா இருக்க முடியும்’ என்று எங்கள் டீக்கடையில் கேட்கும் வாக்கியம் கிராம்சிக்குப் பிடித்திருக்கும்.

சாதி இருக்கும் ஊரில் வர்க்கத்தை மட்டும் வைத்துப் பேசுவது சரியா?

சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மார்க்சியர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து கிடையாது.

சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது; இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் முன்னணியில். சங்கத்தின் கோட்டை பெரம்பூர் பக்கத்து பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். 1921இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் பேசினார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஒரே ஆலை, ஒரே முதலாளி, ஒரே சங்கு. ஆனால் வேலை முடிந்து அவர்கள் திரும்பிய தெருக்கள் வேறு வேறு. நிர்வாகம் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது, சரி. பிளவை நிர்வாகம் உண்டாக்கவில்லையே. அது ஏற்கெனவே இருந்தது.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். ‘வர்க்கம் ஒன்றுபட்டால் சாதி தானாகப் போகும்’ என்று இருந்தவர்களுக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். பின்னணியில் கூலி உயர்வுப் போராட்டம், செங்கொடிச் சங்கம். அது கூலிக்காக நடந்த கொலையா, சாதிக் கொலையா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டது நிலவுடைமையாளரைச் சீண்டியது. கேட்டவர்கள் யார் என்பது இன்னும் அதிகமாகச் சீண்டியது. இரண்டையும் பிரித்து எடை போட எனக்குத் தராசு கிடைக்கவில்லை.

பெண்களின் வீட்டு வேலைக்கு இந்தக் கணக்கில் இடம் உண்டா?

மார்க்ஸ் ரொம்பக் கொஞ்சமாகத்தான் தொட்டார். டெய்லரின் உழைப்புச் சக்தி நாளைக்கும் வேலைக்கு வரத் தயாராவது வீட்டில்தான்: யாரோ சமைத்து, துவைத்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால். அந்த யாரோவுக்குக் கூலி கிடையாது. 1970களில் இத்தாலியில் மரியாரோசா டல்லா கோஸ்டா, அமெரிக்காவில் சில்வியா ஃபெடரிச்சி போன்றவர்கள் ‘வீட்டு வேலைக்குக் கூலி’ என்ற இயக்கமாகவே இதை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் திட்டத்துக்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவருக்கு இந்த விவாதம் தெரிந்திருக்கும் போலும்.

நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ இன்னும் கொடுமையான கலவை. மூன்று வருடம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் விட்டுப்போனால் அந்தத் தொகை சந்தேகம்தான். வரதட்சணை என்ற பழைய பாரத்தைக் காட்டிப் பிள்ளைகளை மிஷினில் உட்காரவைத்தார்கள்.

ஐடி கம்பெனியில் லட்சம் சம்பளம் வாங்குகிறவரும் பாட்டாளியா?

உழைப்புச் சக்தியை விற்றுத்தான் பிழைக்கிறார், அந்த அளவில் ஆம். ஆனால் டீம் லீட் ஆகி நாலு பேருக்கு வேலை பிரித்து, மார்க் போட்டு, ஆளைத் தூக்கவும் சிபாரிசு செய்கிறார் என்றால்? எரிக் ஓலின் ரைட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இப்படிப்பட்டவர்களுக்கு ‘முரண்பட்ட வர்க்க இடங்கள்’ என்று பெயர் வைத்தார். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். ஆட்குறைப்பு மெயில் வரும் அன்று எந்தக் கால் எங்கே இருந்தது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கூலி உயர்ந்திருக்கிறது, டெய்லர் வீட்டிலும் பைக், பிரிட்ஜ் இருக்கிறது. மார்க்ஸ் தோற்றுவிட்டார் இல்லையா?

சிலவற்றில் தோற்றார். தொழில் வளர்ந்த நாடுகளில் புரட்சி முதலில் வரும் என்று எதிர்பார்த்தார், அங்கே வரவில்லை. நடுத்தர வர்க்கம் கரைந்துபோகும் என்ற எதிர்பார்ப்பும் அப்படியே பலிக்கவில்லை. ஜெர்மன் சோஷலிஸ்ட் பெர்ன்ஸ்டைன் 1899லேயே இதைச் சுட்டிக்காட்டி, சொந்தக் கட்சிக்காரர்களிடம் திட்டு வாங்கினார். மதிப்பிலிருந்து விலைக்கு வரும் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது என்று பொருளியலாளர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். சோவியத்தில் தனியார் முதலாளியை ஒழித்த பிறகும் ஆணையிடும் ஒரு கூட்டம் மேலே உட்கார்ந்தது. அதை விளக்குவதற்குப் பழைய சூத்திரம் போதவில்லை.

ஆனால் கூலி உயரவே உயராது என்று அவர் சொன்னதாக நினைப்பது தவறு. உழைப்புச் சக்தியின் விலையில் அந்தந்த நாட்டின் வரலாறும் பழக்கமும் கலந்திருக்கின்றன என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். இன்றைக்கு பைக் இல்லாமல் ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. பைக்குக்கு மாதத் தவணை கட்ட ஒன்றரை ஷிப்டை விட்டுவிட முடியாது.

பிக்கெட்டி சொல்வதும் இதுதானா?

இல்லை. சொத்து எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அளப்பதில் பிரெஞ்சுப் பொருளியலாளர் பிக்கெட்டி கெட்டிக்காரர். வீடு, பங்கு, பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு மூலதனம் என்கிறார். பீல் கதையைப் படித்தவர்கள் அப்படிச் சேர்க்க மாட்டார்கள்.

படிக்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

‘மூலதனம்’ தமிழில் இருக்கிறது, தோழர் தியாகு சிறையில் இருந்தபோது மொழிபெயர்த்தது. முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சரக்கு, மதிப்பு என்று அது பலரைத் துரத்தியிருக்கிறது. எங்கள் வட்டத்திலேயே இரண்டு தடவை ஆள் குறைந்துபோயிற்று. மூன்றாம் தடவை வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் தொடங்கினோம், அடுத்து பீஸ் ரேட், அப்புறம் ஆதித் திரட்டல். முதல் அத்தியாயத்துக்குப் போன மாதம்தான் வந்திருக்கிறோம். இருபது கெஜம் துணி ஒரு கோட்டுக்குச் சமம் என்ற வரியில் இப்போது நிற்கிறோம். ஒரு கோட்டுக்கு அவ்வளவு துணி எதுக்கு என்று கட்டிங் மாஸ்டர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.